லொறிக்காரன் வெளியே, கூலிக்காரன் உள்ளே: வன்னிக் காட்டைக் கொல்வது யார்?



கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், ஏன், கிளிநொச்சி நகரத்துத் தேநீர்க் கடைகளிலும் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. வன்னிக் காட்டை மொட்டையடிப்பது தோட்டப்புறத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள்தானாம். விறகு வெட்டுவதும் அவர்களாம், களவாக மரம் தறிப்பதும் அவர்களாம், மாட்டைக் காட்டுக்குள் விடுவதும் அவர்களாம்.

இது பொய் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். அது போதாது. காடு அழிவது உண்மை. அதில் நம்மவர் கை படுவதும் உண்மை. மெசின் வாளைப் பிடிப்பது கூலிக்காரனின் கைதான். பட்டி மாட்டுக்குப் பின்னால் தடியோடு நடப்பதும் கூலிக்காரனின் கால்தான். அந்தக் கைக்கும் காலுக்கும் சம்பளம் கொடுப்பவன் யார், மரம் விற்ற காசு யாருடைய பெட்டியில் விழுகிறது, மாடு யாருடைய பெயரில் நிற்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

"கொழுந்து பறிக்கிற நமக்கு வன்னிக் காட்டில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். நிறைய வேலை இருக்கிறது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை நம் பாட்டன் பூட்டன் கால்நடையாக நடந்தது வன்னிப் பெருநிலத்தின் காட்டு வழியேதான். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களை அந்தப் பாதையோரத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். பிறகு 1974 பஞ்சம் வந்தது. 1977, 1981, 1983 கலவரங்கள் வந்தன. லயம் எரிந்து, உடுத்த துணியோடு தப்பியவர்கள் வவுனியாவுக்கும் செட்டிகுளத்துக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். மருத்துவர் இராசசுந்தரமும் டேவிட் ஐயாவும் நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களில் பலரைக் குடியமர்த்தியது. அந்த இராசசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ட் பாம் காணிகளில் குடியிருந்த நம் குடும்பங்கள் 1984இல் விரட்டப்பட்டன. மிஞ்சியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் தர்மபுரத்திலும் கூலி வேலை செய்கிறார்கள். அவர்கள் நம் சொந்தம். அவர்கள் மீது விழும் பழி நம் மீதும் விழுகிறது.

காடு எப்படி நிற்கிறது?

பழி யாருக்கு என்று பேசுவதற்கு முன், காடு எப்படி நிற்கிறது, எப்படிச் சாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வன்னிக் காடு சிங்கராஜாவைப் போல மழைக்காடு இல்லை. ஐப்பசி தொடங்கித் தை வரை பெருமழை. மிச்ச மாதங்களில் பெரும்பாலும் வெயிலும் காற்றும். அந்த வரட்சியைத் தாங்கி இலை உதிராமல் நிற்கும் மரங்கள்தான் இந்தக் காட்டின் கூரை. மேல் தட்டில் பாலையும் வீரையும் நிற்கும். அவற்றோடு முதிரை, கருங்காலி, யாவறணை. அதற்குக் கீழே நடுத்தர மரங்களின் தட்டு. அதற்கும் கீழே காரை, சூரை போன்ற பற்றைகள். எல்லாவற்றுக்கும் அடியில், சருகுக்கு நடுவில், சாண் உயரமும் முழ உயரமுமாகக் கன்றுகள்.

பார்ப்பவர் கண்ணில் படுவது பெரிய மரம். காட்டின் உயிர் இருப்பது அந்தக் கன்றுகளில். நல்ல காட்டில் கன்று ஆயிரக்கணக்கில் இருக்கும், தடி பருமனான இளமரம் நூற்றுக்கணக்கில் இருக்கும், கிழட்டு மரம் கொஞ்சம் இருக்கும். ஒரு கிழட்டுப் பாலை விழுந்தால் அந்த இடத்தைப் பிடிக்கக் கீழே பத்து இளமரம் காத்திருக்க வேண்டும். பாலை மிக மெதுவாக வளரும் மரம். இன்று முளைத்த கன்று தூணுக்கு ஆகும் மரமாவதை முளைத்த அன்று பார்த்தவர் பார்ப்பதில்லை; அவருடைய பேரப்பிள்ளை பார்க்கலாம்.

தேயிலை மலையில் வேலை செய்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செடி செத்த இடத்தில் புதுக்கன்று வைக்காமல் பத்து வருடம் விட்டால் அந்த மலை என்ன ஆகும்? இங்கே ஒரு வெற்றிடம், அங்கே ஒரு வெற்றிடம், நடுவில் மானாப் புல். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு மீள்நடுகை எப்படிப் பின்தங்கியது என்று நாம் கண்ணால் கண்டோம். ஆனாலும் கந்தோர்க் கணக்கில் அது "தேயிலை" என்றே நிற்கும். வன்னிக் காடும் அப்படித்தான். வானத்தில் இருந்து படம் எடுத்தால் பச்சையாகத் தெரியும். கணக்கில் "காடு" என்று நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால் கிழவனும் இல்லை, பேரனும் இல்லை. பற்றை மட்டும்தான் இருக்கும்.

மேலிருந்து வெட்டும் லொறி

1956இல் இந்த நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 44 சதவீதம் காடாக இருந்தது. இன்று 30 சதவீதத்துக்கும் கீழே. மிஞ்சிய காட்டில் பெரும்பங்கு வரண்ட பிரதேசத்தில்தான். முல்லைத்தீவு மாவட்டத்தில் பாதிக்கு மேல் இன்னமும் காடு. அதனால்தான் எல்லோருடைய கண்ணும் அங்கே.

இயற்கைக் காட்டில் மரம் தறிப்பதை அரசு 1990இலேயே நிறுத்தியது. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் இரண்டு தரப்பும் மரம் தறித்தன. ஆனால் மிதிவெடிக்குப் பயந்து யாரும் போகாத காடுகள் தப்பின. 2009க்குப் பிறகு பாதை திறந்தது. இடிந்த வீடுகளை எல்லாம் மீண்டும் கட்ட வேண்டும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மட்டும் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள். வீட்டுக்கு 550,000 ரூபாய். ஒவ்வொரு வீட்டுக்கும் கூரைச் சட்டம், கதவு, யன்னல் வேண்டும். வீட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் மரம் எங்கே இருந்து வரும் என்று ஒழுங்கு செய்தார்களா? 1968 முதல் அரச மரக் கூட்டுத்தாபனம் என்று ஒன்று இருக்கிறதே, அது ஊருக்கு ஊர் களஞ்சியம் திறந்து நியாய விலைக்குக் கொடுத்திருக்கலாமே? அந்த வெற்றிடத்தில்தான் கள்ள மரக்காரன் நுழைந்தான்.

அவன் காட்டை முழுதாக வெட்டுவதில்லை. நல்ல மரத்தைப் பார்த்து எடுக்கிறான். கதவுக்கு முதிரை, தூணுக்குப் பாலை, தளபாடத்துக்கு யாவறணை. "பத்து மரத்தில் ஒன்றைத்தானே எடுத்தோம், மிச்சம் ஒன்பது நிற்கிறதே" என்பது அவனுடைய வாதம். அந்த ஒன்றுதான் விதை போடும் தாய் மரம். அதுதான் நேராக, பருமனாக, வைரம் பாய்ந்து நின்ற மரம். கோணலும் பொந்தும் விழுந்ததை விட்டுவிட்டு நல்லதையே எடுத்துக்கொண்டு போனால், அடுத்த தலைமுறைக்கு விதை எந்த மரத்தில் இருந்து கிடைக்கும்?

இத்தோடு முடிவதில்லை. ஒரு பெரிய மரம் சாயும்போது சுற்றி நிற்கும் இளமரங்களையும் முறித்துக்கொண்டுதான் விழும். குற்றியை இழுக்க உழவு இயந்திரம் வழி வெட்டும். அந்தத் தடத்தில் கன்று முழுவதும் நசுங்கும். கூரை திறந்த இடத்தில் வெயில் நேராக நிலத்தில் அடிக்கும். நிழலில் முளைத்துப் பழகிய கன்று கருகும். வெயிலை விரும்பும் புல்லும் நாயுண்ணிப் பற்றையும் உள்ளே வரும். காட்டுக்குள் புல் முளைத்தது என்றால் அடுத்து வருவது யார்? மாடு. லொறி போன தடத்திலேயே பட்டி உள்ளே போகிறது.

கீழிருந்து வெட்டும் பட்டி

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கும் கொஞ்சம் கசக்கும். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

வன்னியில் பட்டி மாடு வைத்திருப்பது பழைய வழக்கம். ஒரு மாடு நாளைக்கு ஓரிரு லீற்றர் பால்தான் தரும். அதனால் தலைக்கணக்கில்தான் பெருமை. காலபோகம் விதைத்ததும் வயலுக்குள் மாடு வரக்கூடாது. மாட்டை எங்கே கொண்டுபோவது? காட்டுக்கு. அறுவடை முடிந்த பிறகுதான் பட்டி தாளடிக்குத் திரும்பும்.

இந்த நாட்காட்டியைக் காட்டின் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும். கரடியும் பறவையும் தின்று விதையைப் பரப்பும். ஐப்பசி மழையில் விதை முளைக்கும். கார்த்திகை, மார்கழியில் கன்று இரண்டு இலை, நாலு இலை விடும். சரியாக அந்த மாதங்களில்தான் பட்டி காட்டுக்குள் நிற்கிறது. வருடம் முழுவதும் கன்று வளர்வதற்குக் கிடைக்கும் நாலு மாதமும் மாட்டின் வாய்க்குக் கீழே போகிறது. ஈர நிலத்தை நூற்றுக்கணக்கான குளம்புகள் மிதித்து இறுக்கினால் தண்ணீர் உள்ளே இறங்காது, வேரும் உள்ளே போகாது.

மாடு எல்லாவற்றையும் தின்பதில்லை. மென்மையான கன்றைத் தின்னும். முள்ளையும் கசப்பையும் விட்டுவிடும். அதனால் நல்ல மரத்தின் கன்று குறைந்து, முட்பற்றையும் நாயுண்ணியும் பெருகும். ஆவணி, புரட்டாதியில் காய்ந்த புல்லுக்கு யாரோ நெருப்பு வைப்பார்கள், புதுப் புல் தளிர்க்கட்டும் என்று. மாட்டின் வாய்க்குத் தப்பிய கன்று நெருப்பில் போகும். பத்து வருடம் இப்படி நடந்தால் அந்தக் காட்டில் பெரிய மரம் இருக்கலாம், பற்றை இருக்கலாம். நடுவில் இளமரம் ஒன்றுகூட இராது.

லொறி தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போகிறது. பட்டி பேரனைத் தின்கிறது. லொறி மட்டும் வந்தால் கன்று எழும்பி இடத்தை நிரப்பப் பார்க்கும். பட்டி மட்டும் வந்தால் தாய் மரம் நின்று அடுத்த வருடமும் விதை போடும். இரண்டும் ஒன்றாக வந்தால் மீள வழியில்லை.

இதனால் அடி விழுவது யாருக்கு? கனகராயன் ஆறு இரணைமடுவுக்கும், பேராறு முத்தையன்கட்டுக்கும், பாலியாறு வவுனிக்குளத்துக்கும் தண்ணீர் கொண்டுவருவது இந்தக் காட்டு நிலத்தின் ஊடாகத்தான். மண்ணைப் பிடித்து வைக்கும் வேர் இல்லாவிட்டால் மண் குளத்துக்குள் போகும். குளம் தூர்ந்தால் சிறுபோகம் போகும். சிறுபோகம் போனால் முதலில் வேலை இழப்பவர் காணி இல்லாத கூலிக்காரர். யானைக்கும் அடர்ந்த காட்டைவிட இளம் பற்றைக்காட்டில்தான் தீனி அதிகம். காட்டைப் பற்றையாக்கி, அதை ஊர் ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, யானை வந்துவிட்டது என்று கத்துகிறோம். யானை வரும்போது முதலில் நிற்பது காட்டோரத்து ஓலைக் குடிசை. பாலைப்பழம் பொறுக்கி ஏ9 வீதியோரத்தில் விற்று அடுப்பெரித்த பெண்களுக்கு ஒவ்வொரு வருடமும் மரம் தூரமாகிறது. விறகும் தூரமாகிறது.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

செய்தித்தாளைத் திறந்தால் மாதத்துக்கு எத்தனை தடவை பார்க்கிறோம்: முதிரைக் குற்றிகளுடன் இருவர் கைது, உழவு இயந்திரம் பறிமுதல். அந்த இருவர் யார்? ஒருவர் வாள் பிடித்தவர், மற்றவர் சாரதி. நாள் கூலிக்குப் போனவர்கள். நீதவான் முன் நிற்பவர்கள் அவர்கள். பிணைக்கு ஆள் தேடி அலைவது அவர்களுடைய மனைவிமார். அந்தக் குற்றியை வாங்கவிருந்த மரக்காலைக்காரரின் பெயர் அந்தச் செய்தியில் வந்து நீங்கள் எத்தனை தடவை பார்த்தீர்கள்? பளபளக்கும் கதவாகி நகரத்துத் தளபாடக் கடையில் நிற்கும்போது அந்த மரம் எந்தக் காட்டில் இருந்து வந்தது என்று கேட்ட அதிகாரி யார்?

மாட்டிலும் அப்படித்தான். பட்டி இன்னொருவருடையது. காட்டுக்குள் மாதக்கணக்கில் கொட்டில் போட்டுக் கிடப்பவர் கூலிக்கு மாடு பார்ப்பவர். கரடிக்கும் பாம்புக்கும் நடுவில் படுப்பது அவர். ஒதுக்கக்காட்டுக்குள் மாடு விட்ட குற்றத்துக்கு அகப்படுவதும் அவர். சேமலாப நிதி இல்லை, நியமனக் கடிதம் இல்லை. முதலாளி யார் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட அவரிடம் இல்லை. கடதாசி இல்லாதது தற்செயல் இல்லை. முதலாளிக்கு அதுதான் பாதுகாப்பு.

இந்தச் சட்டம் எந்த வயிற்றில் பிறந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிர் செய்யாத காணியும் காடும் முடிக்குச் சொந்தம் என்று எழுதியது. காட்டை மக்களிடம் இருந்து எடுத்த அதே கை, அதை ஏக்கர் 5 சிலிங்குக்குக் கோப்பித் துரைமாருக்கு விற்றது. மலைநாட்டுக் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டது துரைமாரின் முதல். கோடரி பிடித்தது கூலியின் கை. 1907இல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. திருத்தம் மேல் திருத்தமாக அதுதான் இன்றைக்கும் நடக்கிறது. கூலியைப் பிடி, முதலை விடு என்பது அன்றைக்கு இருந்து வரும் வழக்கம்.

வனவளத் திணைக்களம் இன்று தன்னைக் காட்டின் காவலன் என்கிறது. வன்னியில் பல இடங்களில் அது நட்டது தேக்கு. தேக்கை வரிசையாக நட்டுவிட்டு அதையும் காட்டுக் கணக்கில் சேர்க்கலாம். தேக்கந்தோட்டத்தில் தட்டும் இல்லை, பாலைக்கன்றும் இல்லை, கரடிக்குப் பழமும் இல்லை. தேயிலை எப்படிக் காடு ஆகாதோ அப்படித் தேக்கும் காடு ஆகாது. போர் முடிந்து ஊர் திரும்பிய சனத்தின் பழைய வயலிலும் தோட்டத்திலும் திணைக்களம் எல்லைக்கல் போட்டதால் எத்தனை ஊர்களில் சண்டை! சிறு காணிக்காரனின் வேலிக்குக் கல் போடத் தெரிந்தவர்களுக்கு, மரம் ஏற்றிய லொறி ஏ9 வீதியில் போகும்போது கண் தெரியாமல் போவது என்ன நோய்?

நம் பக்கத்து வாதங்களுக்கும் பதில்

"மாடு என்ன இன்றைக்கா காட்டுக்குப் போகிறது? பாட்டன் காலத்தில் போகவில்லையா?" போனது. அப்போது மாட்டுக்குக் குளத்துப் புல்லும் தரிசு நிலமும் இருந்தன. அவை இன்று வயலாகவும் குடியிருப்பாகவும் படைமுகாமாகவும் மாறிவிட்டன. அப்போது தாய் மரத்தை ஒரே நாளில் சாய்க்கும் மெசின் வாளும் இல்லை. பழைய வழக்கம் என்பதால் மட்டும் ஒன்று இன்றைக்கும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

"அப்படியானால் மேய்ச்சலை அடியோடு தடை செய்யுங்கள்" என்கிறார்கள் சூழல் பேசும் சில நகரத்துக் கனவான்கள். தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்க்கட்டும். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. மாடு வளர்ப்போர் கொதித்தார்கள். அந்த மாதமே தடை புலிகள் காப்பகம், சரணாலயம், தேசிய பூங்கா என்ற அளவுக்குச் சுருங்கியது. காட்டில் வாழும் மக்களின் மேய்ச்சல் உரிமையை ஏற்கும் சட்டம் ஒன்று இந்தியாவில் 2006 முதல் இருக்கிறது. காகிதத்தில் இருப்பதெல்லாம் நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாதாட அவர்களுக்கு ஒரு சட்டமாவது இருக்கிறது. இலங்கையில் அப்படி ஒன்று இல்லை. மாடு போக வேறு இடம் காட்டாமல் தடை மட்டும் போட்டால், பட்டி பகலில் போகாமல் இரவில் போகும்; லஞ்சத்தின் விலை கூடும்; அவ்வளவுதான்.

மேய்ச்சற்தரைக்கு உறுதியான எல்லையும் சட்டப் பாதுகாப்பும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனை பண்ணையாளர்களைப் பாருங்கள். தங்கள் மாடு மேய்ந்த தரையை வெளியில் இருந்து வந்தவர்கள் பயிர் செய்யப் பிடித்ததற்கு எதிராக 2023 செப்டெம்பரில் அவர்கள் வீதிக்கு வந்து அமர்ந்தார்கள். தரை போனால் மாட்டுக்கு மிஞ்சுவது காடுதான்.

"ஏழை பிழைக்கட்டும், விட்டுவிடுங்கள்." இதைச் சொல்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் மரத்தில் காசு பார்த்தவர்கள். ஏழையின் பசியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் லொறியை ஓட்டுகிறார்கள். பெண்கள் காய்ந்த விறகு பொறுக்குவதற்கும், மெசின் வாள் பாலையைச் சாய்ப்பதற்கும் வித்தியாசம் தெரியாதது போல் நடிக்கிறார்கள். காடு முடிந்த பிறகு லொறிக்காரன் வேறு மாவட்டத்துக்குப் போவான். கூலிக்காரன் எங்கே போவான்? மொட்டைக் காட்டில் கூலி வேலையும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திணைக்களக் காடுகளுக்கு வெளியே சிதறிக் கிடக்கும் ஏனைய அரச காடுகளை 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை வனவளத் திணைக்களத்தின் கீழ் கொண்டுவந்தது. 2020இல் அதை நீக்கி, அந்தக் காடுகளை மாவட்ட, பிரதேச செயலாளர்களின் கைக்கு மாற்ற அரசு முடிவெடுத்தது. காணி இல்லாதவனுக்குக் கொடுக்கத்தான் என்றார்கள். காணி இல்லாத நம் குடும்பங்களின் பெயரைச் சொல்லித் திறக்கும் கதவால் பெரிய கம்பனி நுழைவதை நாம் எத்தனை தடவை பார்த்துவிட்டோம்? நம் பெயரில் காட்டை வெட்டாதீர்கள். நமக்குக் கொடுக்கக் காடல்லாத காணி இந்த நாட்டில் இருக்கிறது.

நாம் கேட்பது

1. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் மேய்ச்சற்தரையை அளந்து வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். நல்ல காட்டை வெட்டி அல்ல; கைவிடப்பட்ட நிலத்திலும் படையினர் விடுவிக்க வேண்டிய அரச காணியிலும்.

2. மரம் போய்ப் பற்றையான காட்டுத் துண்டுகளைத் தெரிவு செய்து, கன்று மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளரும் வரை மாடும் நெருப்பும் போகாமல் ஓய்வு விட வேண்டும். எந்தத் துண்டு, எத்தனை வருடம் என்பதை மாடு பார்ப்பவர்களையும் கூட்டி வைத்து முடிவு செய்ய வேண்டும்.

3. மரக்காலைக்குள் வரும் ஒவ்வொரு குற்றிக்கும் எந்த இடத்தில் தறித்தது என்ற கணக்கு இருக்க வேண்டும். கணக்கு இல்லாத மரத்துக்கு வழக்கு மரக்காலைச் சொந்தக்காரர் மீதும் லொறிச் சொந்தக்காரர் மீதும் முதலில் போட வேண்டும்.

4. மாடு பார்ப்பவரும் மரத் தொழில் செய்பவரும் தொழிலாளர்கள். அவர்களுக்கு நியமனக் கடிதம், ஊழியர் சேமலாப நிதி, விபத்து நட்டஈடு வேண்டும். கடதாசியில் முதலாளியின் பெயர் வந்தால் குற்றத்திலும் அந்தப் பெயர் வரும்.

5. வீட்டுத் திட்டம் எங்கே போட்டாலும், அதற்கான மரத்தை அரச மரக் கூட்டுத்தாபனம் நியாய விலையில் ஊரிலேயே கொடுக்க வேண்டும். வடக்குக்கு மட்டுமல்ல, மலையகத்துக்கும்.

6. தேக்கு நடுவதை நிறுத்தி, பாலை, முதிரை, வீரை, கருங்காலிக் கன்றுகளுக்கு நாற்றுமேடை போட வேண்டும். அந்த வேலையைக் காட்டோரத்துப் பெண்களுக்குச் சரியான நாட்கூலிக்குக் கொடுக்க வேண்டும். கன்று வளர்க்கும் கை நமக்கு உண்டு. தேயிலைக் கன்று வளர்த்த கை அது.

7. வன்னியில் 40 வருடமாகக் குடியிருந்தும் காணி உறுதி இல்லாத மலையகக் குடும்பங்களுக்கு உறுதி வழங்க வேண்டும். நாளை விரட்டப்படலாம் என்று இருப்பவன் பாலைக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டான்.

தோழர்களே, வன்னியில் உள்ள நம் சொந்தங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். பட்டி வைத்திருக்கும் வசதியுள்ளவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள், அவர்களிடமும் சொல்லுங்கள். இரவு வேலைக்கு வா, மரம் ஏற்ற இரட்டிப்புக் கூலி என்று அழைப்பு வந்தால், அகப்பட்டால் பிணை எடுப்பது யார் என்று முதலில் கேளுங்கள். பதில் வராது. பதில் வராத வேலைக்குப் போகாதீர்கள். போய் அகப்பட்டவரையும் கைவிடாதீர்கள். அனுப்பியவரின் பெயரைச் சொல்லும் துணிவை அவருக்குக் கொடுப்பது சங்கத்தின் வேலை.

மலைநாட்டில் நம் கோடரி விழுந்த இடத்தில் காடு திரும்பி வரவில்லை. அந்தக் காசும் நம் கைக்கு வரவில்லை. வன்னியில் இன்னும் காடு நிற்கிறது. அதன் கன்று எழும்ப விட்டால் அது நிற்கும்.

காட்டுக்கு ஓய்வு கொடு! மாட்டுக்குத் தரை கொடு!
கூலிக்காரனை விடு, முதலாளியைப் பிடி!